கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நாலு வாரம்

நவம்பர் கடைசி வந்தாலே எங்க ஸ்கூல் பேரண்ட்ஸ் வாட்ஸப் குரூப்ல ஒரே கேள்விதான் ஓடும், "டீச்சர், இந்த வருஷம் கிறிஸ்துமஸ் தாத்தா டிரஸ் போடணுமா, இப்பவே சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும்"னு. கேக்கறதுல ஒண்ணும் தப்பில்ல. டவுன்ல இருக்கற பெரிய ஸ்கூல்ல எல்லாம் டிசம்பர் பொறந்த உடனே செவப்பு டிரஸ்ஸு, பஞ்சு தாடி, மேடை போட்டு டான்ஸுன்னு ஆரம்பிச்சிடறாங்க, பக்கத்து வீட்டு புள்ளயோட போட்டோ ஸ்டேட்டஸ்ல வருது, அத பாத்துட்டு நம்ம புள்ளைக்கும் போட்டுப் பாக்கணும்னு ஆசை வராதா என்ன. ஆனா அந்த டிரஸ்ஸ ஒருநாள் வாடகைக்கு எடுத்தா எங்க ஊர் அம்மாங்க நாள் பூரா குனிஞ்சு உக்காந்து பீடி சுத்தின காசு அதுலயே போயிடும். அதனால எங்க எச்.எம். சிஸ்டர் ஒவ்வொரு வருஷமும் குரூப்ல ஒரே பதில்தான் போடுவாங்க, "டிரஸ் வேண்டாம், ஒரு கைப்பிடி வைக்கோல் மட்டும் குடுத்து அனுப்புங்க"ன்னு. புதுசா புள்ளய சேத்தவங்களுக்கு இது புரியாது, வைக்கோல் எதுக்குன்னு எனக்கு தனியா போன் பண்ணி கேப்பாங்க. போன்ல அஞ்சு நிமிஷத்துல சொல்ல முடியாதத இங்க கொஞ்சம் நீளமா எழுதிடலாம்னு தோணிச்சு.

எங்களோடது அரசு உதவி பெறும் கத்தோலிக்க தொடக்கப்பள்ளி, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும். காட்பாடில இருந்து குடியாத்தம் போற பக்கம் ரோட்ட விட்டு உள்ள தள்ளி ஒரு கிராமம், கோயிலுக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல காம்பவுண்டு கூட கெடயாது, ஒரு வேப்பமரம்தான். படிக்கற பசங்கள்ல கிறிஸ்தவங்க கம்மி, இந்து பசங்கதான் நெறைய, முஸ்லிம் வீட்டுப் பசங்களும் இருக்காங்க. அப்பாங்க கட்டட வேல, லாரி, இல்லன்னா பெங்களூர்ல. அம்மாங்கள்ல பாதிப் பேரு வீட்ல பீடி சுத்தறாங்க, மீதிப் பேர ஷூ கம்பெனி வேன் காலங்காத்தால வந்து ஏத்திகினு போயிடும். நான் இங்கதான் படிச்சேன், இப்ப இங்கயே மூணாங்கிளாஸ் டீச்சர்.

நவம்பர் கடைசிலயோ டிசம்பர் மொதல்லயோ வர்ற ஒரு ஞாயித்துல இருந்து டிசம்பர் 24 வரைக்கும் எங்க கோயில் கணக்குல இன்னும் கிறிஸ்துமஸ் வரல. அது இயேசு வர்றதுக்காக காத்திருக்கற திருவருகைக் காலம், இங்கிலீஷ்ல அட்வெண்ட், பழைய ஆளுங்க ஆகமன காலம்னு சொல்லுவாங்க. திருச்சபைக்கு வருஷம் பொறக்கறதே ஜனவரில கெடயாது, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயித்துல மொத ஞாயித்துலதான். ஃபாதர் ஊதா கலர் உடுப்பு போடுவாரு, மூணாவது ஞாயிறு மட்டும் ரோஸ் கலர், ஞாயிறு பூசைல வழக்கமா பாடற 'உன்னதங்களிலே' இந்த நாலு ஞாயித்துலயும் பாட மாட்டாங்க, அத எடுத்து வெச்சுட்டு கிறிஸ்துமஸ் ராத்திரி பூசைல மணியெல்லாம் அடிச்சு பாடும்போது தொண்ட அடைக்கும், எனக்கு எப்பவும் அடைக்கும். எங்க ஆயா, பாட்டிதான், வீட்ல 24 ராத்திரிக்கு முன்னாடி ஒரு கேரல் முணுமுணுக்க விடாது, "பொறக்கறதுக்கு முன்னாடியே தாலாட்டு பாடுவியாடி"ன்னு கேக்கும். இப்ப கேக்கு, ஸ்டார், சீரியல் பல்பு எல்லாமே மாசம் பொறந்த உடனே வந்துடுது, 25-ம் தேதி வரும்போது பசங்களுக்கு எல்லாம் சலிச்சே போயிருக்கு. இந்த நாலு வாரத்த பசங்க கையில இருந்து பிடுங்கிடக் கூடாதுன்னுதான் நான் சொல்ல வர்றேன். ஒருத்தர் வர்றதுக்கு முன்னாடி அவருக்காக வேல செய்யறதுல இருக்கற சந்தோஷம் பெரிய சந்தோஷம், அத சின்ன வயசுலயே பழகிடணும்.

இந்த காலத்துல வாரத்துக்கு ஒண்ணா ஏத்தற நாலு மெழுகுவத்தி வளையம் இருக்கே, அது கூட இப்படி ஒரு ஸ்கூல் பசங்களுக்காக வந்ததுதான். 1839-ல ஜெர்மனில ஹாம்பர்க் ஊர்ல யோஹான் ஹின்ரிச் விஷர்ன்னு ஒருத்தர், லுத்தரன் சபைக்காரர், ஏழைப் பசங்களுக்கு ஒரு இல்லம் நடத்தினாரு. கிறிஸ்துமஸ் எப்ப கிறிஸ்துமஸ் எப்பன்னு பசங்க தினம் அரிச்செடுக்க, ஒரு மரச் சக்கரத்த எடுத்து ஞாயித்துக்கு ஞாயிறு ஏத்த பெரிய மெழுகுவத்தி நாலு, நடுவுல வர்ற நாளுக்கெல்லாம் சின்ன மெழுகுவத்தின்னு நட்டு வெச்சு, தினம் ஒண்ணா ஏத்தி எண்ண விட்டாரு. கத்தோலிக்க கோயிலுக்குள்ள அந்த வளையம் வந்தது ரொம்ப நாள் கழிச்சுதான். எங்களுக்கு அந்த ஊரு ஊசியெல மரத்துக்கு எங்க போறது, சவுக்கு கெளைதான், ஏரிக்கர தோப்புல கேட்டு வாங்கிகினு வருவோம், வளைச்சு கட்டினா ரெண்டு நாள்ல காஞ்சு கொட்ட ஆரம்பிக்கும், ஸ்கூல் ஆயாம்மா தினம் பெருக்கும். ஊதா மெழுகுவத்தி குடியாத்தம் கடைல கெடைக்காது, வெள்ள மெழுகுவத்தி வாங்கி அடில ஊதா கிரேப் பேப்பர் சுத்துவோம், ஒண்ணுக்கு மட்டும் ரோஸு. ஞாயித்துக்கெழம ஸ்கூல் இல்லாததால திங்கக்கெழம பிரேயர்ல ஏத்துவோம், தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், இன்றைய செய்தி எல்லாம் முடிஞ்ச பிறகு அஞ்சாங்கிளாஸ்ல இருந்து ஒருத்தர், ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒருத்தர் சேந்து வருவாங்க, பெருசு சின்னதோட கைய புடிச்சு ஏத்தும். வேப்பமரத்துக் காத்துல அணைஞ்சுடும், மறுபடி ஏத்துவாங்க, மொத்த ஸ்கூலும் மூச்சு விடாம பாத்துகினு நிக்கும்.

காத்திருக்கறது எங்க ஊருக்கு புதுசு கெடயாது. எங்க தாத்தா உபதேசியார். இந்த பக்கத்துல பழைய பங்குகள்ல, பங்குன்னா ஒரு சாமியார் பொறுப்புல இருக்கற கோயில் வட்டம், உபதேசியார்னா வாத்தியாரும் அவருதான், கெழம நாள்ல கூரைக் கொட்டாயில பசங்களுக்கு அ ஆ சொல்லிக் குடுப்பாரு, சாயங்காலம் அதே கொட்டாயில ஜெபம், ஞாயித்துக்கெழம அதுவே கோயில். ஆயா வழில சொந்தம் சேத்துப்பட்டு பக்கம், லூர்து மாதா கோயில கட்டின பிரெஞ்சு சாமியார் தாராஸ் பத்தி அந்த வீட்ல தலமொறயா பேசுவாங்க, 1876-ல வந்த தாது வருஷப் பஞ்சம் பத்தியும் அதே மூச்சுல பேசுவாங்க. 1952-ல வேலூர் தனி மறைமாவட்டம், அதாவது ஒரு பிஷப்போட எல்லை, ஆகி, ஊருக்கு ஊரு பங்கு வந்ததுக்கு அப்புறம்தான் வாரா வாரம் பூசைங்கறதெல்லாம். அதுக்கு முன்னாடி எங்க மாதிரி கிராமத்துல சாமியார் வர்றது எப்பவாவது ஒருவாட்டிதான், வர்றாருன்னு சேதி வந்தா ஊரே வேல செய்யும்னு தாத்தா சொல்லுவாரு. கொட்டாய்க்கு சாணி மொழுகணும், கோலம் போடணும், சண்ட போட்டுகினு பேசாம இருக்கறவங்கள கூப்புட்டு பேச வெக்கணும், கொழந்தைங்களுக்கு ஜெப மந்திரம் சரியா சொல்ல வருதான்னு பாக்கணும், பெரியவங்களுக்கு பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியார்கிட்ட பாவத்த சொல்லி மன்னிப்பு கேக்கறதுக்கு, ஞாபகப்படுத்தணும். மழை பேஞ்சு பாலாத்துல தண்ணி போனா அந்த பக்கத்துல இருந்து சாமியார் வர முடியாம போயிடும், அப்பவும் மொழுகின தரையிலயே உக்காந்து ஜெபமாலை சொல்லிட்டு எழுந்து போவாங்களாம். அட்வெண்ட்ட பத்தி நான் எந்த புத்தகத்துல படிச்சதவிட இத கேட்டதுதான் எனக்குள்ள நின்னுச்சு.

இப்ப ஸ்கூலுக்கு மொதல்ல வர்ற ஆளு யாருன்னு பாத்தா, நானும் கெடயாது சிஸ்டரும் கெடயாது, காலைச் சாப்பாடு சமைக்கற அக்கா. முதலமைச்சர் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சப்ப அரசுப் பள்ளிங்களுக்கு மட்டும்தான் இருந்துச்சு, எங்கள மாதிரி கிராமத்து உதவி பெறும் பள்ளிங்களுக்கு 2024 ஜூலை 15-ம் தேதி, காமராசர் பொறந்தநாள் அன்னைக்குதான் வந்துச்சு. அது வர்ற வரைக்கும் நாங்க பாத்தத சொல்றேன். ஷூ கம்பெனி வேன் ஏறுற அம்மா விடிய முன்னாடி கெளம்பிடும், புள்ள எழுந்து தானே மூஞ்சி கழுவிகினு, இருந்தா பழைய சோறு, இல்லன்னா ஒரு டீ, ஒரு பொற, அவ்ளோதான், பதினோரு மணிக்கெல்லாம் பெஞ்சுல தலைய சாச்சுக்கும். சத்துணவு மதியம்தான். அதுவரைக்கும் அந்தக் கொழந்த தலைல நான் என்ன வாய்ப்பாட்ட ஏத்தறது.

மகளிர் குழுவுல இருந்துதான் சமைக்க வர்றாங்க, எங்களுக்கு சமைக்கற அக்காவோட பொண்ணே எங்க ஸ்கூல்ல நாலாங்கிளாஸ். இருட்டுலயே வந்து லைட்ட போட்டு, பாத்திரத்த மறுபடி ஒருவாட்டி கழுவி, புதன்கெழமன்னா பொங்கலுக்கு பருப்ப வறுத்துகினு இருக்கும். பசங்க வர்றதுக்கு முன்னாடி தட்டெல்லாம் வரிசையா அடுக்கி இருக்கும், ருசி பாத்து சிஸ்டர் தலையாட்டின பிறகுதான் பரிமாறுவாங்க. ஒருநாள் நான் சீக்கிரம் போயிட்டேன், அந்த அக்கா மட்டும் சமையல் ரூம்ல, வாசப்படிய கழுவிட்டு அரிசி மாவுல சின்னதா ஒரு கோலம் போட்டுகினு இருந்துச்சு. "ஏங்க்கா, தினம் போடுவீங்களா"ன்னேன். "கொழந்தைங்க வருது இல்ல டீச்சர்"னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சு. அக்கா மாரியம்மன் கோயிலுக்குப் போறவங்க, திருவருகைக் காலம் பத்தி அவங்களுக்கு யாரும் பாடம் எடுக்கல.

வைக்கோலுக்கு வர்றேன். எச்.எம். ரூம் வாசல்ல ஒரு முன்னணை, பாலன் இயேசுவ படுக்க வெச்ச மாட்டுத் தீனித் தொட்டி மாதிரி, வெப்போம், ஒடஞ்சுபோன பழைய பெஞ்சு பலகைய வெச்சு ஊர் ஆசாரி செஞ்சு குடுத்தது. டிசம்பர் மொத வாரம் அது காலியா இருக்கும். பக்கத்துல ஒரு கூடைல பசங்க வீட்ல இருந்து கொண்டு வந்த வைக்கோல். யாருக்காவது ஒரு நல்லது செஞ்சா, யாருகிட்டயும் சொல்லாம, ஒரே ஒரு வைக்கோல எடுத்து முன்னணைல போடணும். 24 ராத்திரி கோயில் குடில்ல பாலன் இயேசுவ படுக்க வெக்கும்போது அடில இருக்கறது இந்த வைக்கோல்தான். பல கத்தோலிக்க ஸ்கூல்ல இருக்கற பழக்கம் இது, நாங்க கண்டுபிடிச்சது ஒண்ணும் கெடயாது. ஆனா மூணாங்கிளாஸ் பசங்களுக்கு 'சொல்லாம செய்யணும்'ங்கறது எவ்ளோ கஷ்டம்னு கிளாஸ்ல நிக்கறவங்களுக்குதான் தெரியும். ஒருத்தன் ஓடி வந்து "டீச்சர் நான் இன்னா செஞ்சேன்னு சொல்ல மாட்டேன், ஆனா நெறைய செஞ்சேன்"னு சொல்லிட்டு ஓடுவான். இன்னொருத்தன் ஒரு புடி அள்ளிப் போட்டுட்டான்னு பெரிய பஞ்சாயத்து வந்துச்சு, பாதி கிளாஸ் அவன இழுத்துகினு சிஸ்டர்கிட்ட போச்சு. சிஸ்டர் முன்னணைக்குள்ள கைய விட்டு அழுத்திப் பாத்துட்டு, "இருக்கட்டும் விடுங்கடா, மார்கழி குளுருல கொழந்தைக்கு மெத்துனு இருக்கும்"னாங்க. அதுக்கப்புறம் அவன் ஒண்ணு ஒண்ணாதான் போட்டான்.

நான் பாத்த ஒண்ண மட்டும் சொல்றேன். ரெண்டாங்கிளாஸ்ல ஒரு பொண்ணு, அம்மா ஷூ கம்பெனி, அதனால தலைய தானே சீவிகினு வரும், பின்னல் ஒண்ணு மேலயும் ஒண்ணு கீழயுமா, ரிப்பன் பாதில அவுந்து தொங்கும். அஞ்சாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு தினம் காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி அத தண்ணி டேங்க் பின்னாடி கூட்டிகினு போயி, பேக்ல இருந்து சின்ன டப்பால தேங்கா எண்ண எடுத்து தேச்சு, ரெட்டப் பின்னல் போட்டு மடிச்சுக் கட்டி விடும். ரிப்பன வாயில கவ்விகினு, கோண வகிட எச்சி தொட்டு நேராக்கி, முடிச்சு முடிச்சதும் மோவாய புடிச்சு திருப்பி ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு ஒரு பார்வ. எங்க அம்மா எனக்கு பாத்த அதே பார்வ. நான் ஜன்னல் வழியா பாத்தது அதுக்குத் தெரியாது. ஆகஸ்ட் மாசத்துல இருந்தே அது செய்யுதுன்னு பின்னாடி ஆயாம்மா சொல்லுச்சு, வைக்கோல் கூடை வெக்கறதுக்கு எவ்ளோ முன்னாடியே.

என் கிளாஸ்ல ஒரு முஸ்லிம் பொண்ணு, ரொம்ப அமைதி, கூடைகிட்ட நின்னு நின்னு பாத்துட்டு ஒருநாள் கேட்டுச்சு, "டீச்சர், நானும் போடலாமா, எங்க நன்னிமாவ கேட்டுட்டு போடவா?" கேட்டுட்டே போடுமான்னேன். மறுநாள் மொகமெல்லாம் வெளிச்சமா வந்துச்சு. நன்னிமா, அதோட பாட்டி, போட சொல்லிட்டாங்களாம், அதோட நில்லாம மர்யம் அம்மா, எங்க மரியாதான், கதையும் சொல்லி அனுப்பிச்சிருக்காங்க. குர்ஆன்ல 19-வது சூராவுக்கு மர்யம்னே பேரு, அதுல மர்யம் தனியா ஒரு பேரீச்ச மரத்தடில வலில துடிக்கும்போது மரத்த ஆட்டச் சொல்லி குரல் வரும், பழுத்த பழம் உதிரும். அந்தப் பொண்ண கிளாஸுக்கு முன்னாடி நிக்க வெச்சு சொல்ல சொன்னேன். வாயே தெறக்காத புள்ள, மரத்த ஆட்டற மாதிரி கையெல்லாம் ஆட்டி சொல்லுச்சு. அப்ப கடைசி பெஞ்சுல இருந்து ஒரு குரல், "அப்ப நம்ம குடில்ல ஒரு பேரீச்ச மரம் வெக்கலாம் டீச்சர்." குடில் கட்டற எளைஞர் குழு அண்ணன்கிட்ட சொன்னோம், மரத்துக்கு எங்க போறதுன்னு ஈச்ச ஓலைல ஒண்ணு செஞ்சு மாட்டுக் கொட்டாய் பக்கத்துல நட்டுட்டாரு. கோயில் பெரியவங்க யாரும் ஒரு வார்த்த சொல்லல. எங்க ஊரு அப்படித்தான், பக்ரீத்துக்கு கறி வரும், தீபாவளிக்கு பலகாரம் வரும், கிறிஸ்துமஸுக்கு நாங்க அதிரசம் குடுப்போம், இதுல யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியது இல்ல.

இதெல்லாம் 2024-ல நடந்தது. அந்த வருஷம் திருவருகைக் காலத்து மொத ஞாயிறு டிசம்பர் 1. அதுக்கு முந்தின நாள் ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரைய கடந்துச்சு. அந்த ஞாயித்துக்கு உலகம் பூரா கத்தோலிக்க கோயில்ல படிக்கற நற்செய்தி லூக்கா 21, கடல் கொந்தளிக்கற சத்தத்துல ஜனங்க என்ன செய்யறதுன்னு தெரியாம கலங்கிப் போவாங்கன்னு இயேசு சொல்ற இடம். மழைல கோயில்ல கூட்டமே இல்ல, கரண்ட் இல்ல, மெழுகுவத்தி வெளிச்சத்துல ஃபாதர் அத படிச்சாரு, ஓட்டு மேல மழை சத்தத்துல பாதி கேக்கல. அன்னைக்கு சாயங்காலம்தான் திருவண்ணாமலைல மலை சரிஞ்சு வீட்டுமேல விழுந்து ஏழு பேரு போயிட்டாங்க, அதுல அஞ்சு பேரு கொழந்தைங்க. ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 செ.மீ. மழை. திருவண்ணாமலை எங்க மறைமாவட்டம், பழைய வட ஆற்காடு, எங்க ஊர்ல பாதிப் பேருக்கு அங்க சொந்தம் இருக்கு. ஸ்கூல் திறந்ததும் மொத மெழுகுவத்திய ஏத்தினப்ப சிஸ்டர் அந்த கொழந்தைங்களுக்காக எல்லாரையும் அமைதியா நிக்கச் சொன்னாங்க. ஒண்ணாங்கிளாஸ் பசங்க கூட ஆடாம நின்னுச்சு.

ரெண்டாவது வாரம் இன்னும் கஷ்டம். ஆண்டவர் வர்றதுக்கு வழிய தயார் பண்ணச் சொல்லி திருமுழுக்கு யோவான் வர்ற வாசகம், பள்ளமெல்லாம் நிரப்பப்படும், மலையெல்லாம் தாழ்த்தப்படும்னு வரும். ஒரு மலை தாழ்ந்து என்ன ஆச்சுன்னு டிவில பாத்த பசங்ககிட்ட இத எப்படி படிக்கறதுன்னு ஸ்டாஃப் ரூம்ல ரொம்ப நேரம் பேசினோம். ஒரு டீச்சர் அந்த வரிய விட்டுடலாம்னாங்க. சிஸ்டர் ஒத்துக்கல, படிச்சிட்டு ரோட்ட காட்டுங்கன்னாங்க. மழைல எங்க ஸ்கூலுக்கு வர்ற ரோடு நடுவுல அரிச்சுகினு போயி, காலை உணவு சாமான் கொண்டு வர்ற ஆட்டோ வராம நின்னுபோச்சு. ஊர் ஆளுங்களும் ஃபாதரும் லுங்கிய மடிச்சு கட்டிகினு, டிராக்டர்ல கிராவல் மண்ணு கொண்டாந்து கொட்டி, மம்பட்டியால சமப்படுத்தி ஒரே நாள்ல ஆட்டோ வர்ற அளவுக்கு பண்ணிட்டாங்க. பசங்கள வரிசையா கூட்டிகினு போயி அந்த எடத்துல நிக்க வெச்சு படிச்சேன். வேற விளக்கம் ஒண்ணும் சொல்லல. ஒருத்தன் குனிஞ்சு ஒரு கல்ல எடுத்து ஓரமா பள்ளத்துல போட்டான், உடனே எல்லாம் போட ஆரம்பிச்சுடுச்சு, கூட்டிகினு திரும்பறதுக்குள்ள யூனிஃபார்ம் பூரா சேறு.

எனக்கு எப்பவும் பிடிச்சது மூணாவது வாரம். ரோஸ் மெழுகுவத்தி, மகிழ்ச்சி ஞாயிறு. யோவான்கிட்ட ஜனங்க வந்து நாங்க என்ன செய்யணும்னு கேக்கறாங்க. நீ பாலைவனத்துக்குப் போ, தவம் பண்ணுன்னு எல்லாம் அவரு சொல்லல. ரெண்டு அங்கி வெச்சிருக்கறவன் இல்லாதவனுக்கு ஒண்ணு குடு, சாப்பாடும் அப்படியேன்னு சொல்றாரு. கிளாஸ்ல அங்கின்னா சட்டைன்னு சொன்னதும் ஒரு பையன் எழுந்தான், "எங்கிட்ட ரெண்டு கீது டீச்சர், ஆனா ஒண்ணு கிழிஞ்சது. எத்த குடுக்கறது?" நல்லதத்தான் குடுக்கணும்னு நாலு பேரு, நல்லத குடுத்துட்டா ஸ்கூலுக்கு கிழிஞ்சத போட்டுகினு வருவியான்னு நாலு பேரு. கடைசில ஒரு பொண்ணு, "கிழிஞ்சத எங்கம்மாகிட்ட குடு, தெச்சு தரும், அப்புறம் ரெண்டுமே நல்லது"ன்னுச்சு. அத விட நல்ல பிரசங்கம் நான் கேட்டதில்ல. மறுநாள் அந்தப் பையன் நெஜமாவே அந்த சட்டைய மடிச்சு கவர்ல போட்டு கொண்டாந்து அந்தப் பொண்ணுகிட்ட குடுத்தான்.

அடுத்து வரி வசூல் பண்றவங்க வந்து கேப்பாங்க, குறிச்சதுக்கு மேல வசூல் பண்ணாதேன்னு யோவான் சொல்லுவாரு. வரி வசூல்னா யாருன்னு பசங்களுக்குத் தெரியல. நான் ரோமாபுரி ராஜாங்கம்னு ஆரம்பிச்சேன், ஒருத்தன் நடுவுல, "குழு லோனுக்கு வர்ற அண்ணன் மாதிரியா டீச்சர்?" கிளாஸே கப்சிப். அப்புறம் ஒண்ணொண்ணா வருது, அந்த அண்ணன் வந்தா எங்கம்மா பின்வாசல் வழியா போயிடும், எங்கம்மா என்ன வெளிய அனுப்பி அம்மா ஊருக்குப் போயிருக்குன்னு சொல்ல சொல்லும், எங்க ஆயா கம்மல வெச்சு கட்டுச்சு. எட்டு வயசு பசங்க. வாரத்துல எந்த கெழம எந்த தெருவுல வசூல்னு அத்தனைக்கும் தெரியுது. அந்த அண்ணனும் ஒரு கம்பெனில சம்பளத்துக்கு இருக்கறவருதான், அத நான் பசங்களுக்கு சொன்னேன். ஆனா யோவான் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி சொன்னது இவங்க வீட்டுத் திண்ணைக்கு சொன்னதுன்னு இவங்களுக்குப் புரிஞ்ச மாதிரி, பட்டம் வாங்கினவங்களுக்குக் கூட புரியுமான்னு எனக்கு சந்தேகம்தான். அன்னைக்கு சாயங்காலம் சிஸ்டர்கிட்ட சொன்னேன், அவங்க ரொம்ப நேரம் பேசவே இல்ல. அடுத்த வாரமே பெற்றோர் கூட்டத்துல, குழுக் கணக்கு எழுதப் படிக்கத் தெரியாதவங்க பாஸ்புக்க கொண்டு வாங்க, சனிக்கெழம உக்காந்து பாத்து சொல்றோம்னு அறிவிச்சுட்டாங்க. நெறைய பேரு வந்தாங்க. கட்டி முடிச்ச லோனுக்கு இன்னும் பயந்துகினு இருந்தவங்களும் அதுல இருந்தாங்க.

நாலாவது ஞாயிறு மரியா, மாசமா இருக்கற சொந்தக்காரி எலிசபெத்த பாக்க மலைநாட்டுக்கு அவசரமா போற வாசகம். எங்க ரெண்டாங்கிளாஸ் டீச்சர் அப்ப ஏழு மாசம், நாங்க எல்லாம் ஆளுக்கு ஒரு சாதம் கட்டிகினு வந்து, லெமன், புளி, தேங்கா, தயிருன்னு, வளையல் போட்டு அனுப்பினோம். அதுக்கு மேல அந்த வாரத்துல எதுவும் ஓடல, அரையாண்டுப் பரீட்சை, பேப்பர் திருத்தறது, எமிஸ்ங்கற அரசாங்க வெப்சைட்ல மார்க் ஏத்தறது.

லீவு விடறதுக்கு முன்னாடி அந்த சமையக்கார அக்கா எச்.எம். ரூம் வாசல்ல வந்து நின்னுச்சு, முந்தானைல கைய தொடச்சுகினு. "சிஸ்டர், லீவு விட்டா ரெண்டாந்தேதி வரைக்கும் இங்க அடுப்பு எரியாதே, அம்மா வேலைக்குப் போற வீட்டுப் பசங்க காலைல இன்னா துன்னும்?" அரசாங்க சாமான லீவுல எடுக்க முடியாது, கேஸும் எடுக்க முடியாது. சிஸ்டர் ஃபாதர்கிட்ட போனாங்க. வெள்ளத்துக்கு பங்குல சேத்த அரிசில திருவண்ணாமலைக்கு அனுப்பினது போக மூட்டை மிச்சம் இருந்துச்சு, ஞாயிறு பூசைல ஃபாதர் ஜனங்கள கேட்டாரு, தாராளமா எடுங்க சாமின்னாங்க. பருப்பும் எண்ணெயும் மளிகைக் கடைக்காரரு. விறகு மலையடிவாரத்து வீட்ல இருந்து. அடுப்பு கோயில் பின்னாடி, திருவிழாவுக்கு பொங்கற எடத்துல. அக்காவும் குழுவுல இன்னும் மூணு பேரும் முறை போட்டுகினாங்க, கிறிஸ்துமஸ் அன்னைக்கு மட்டும் கிறிஸ்தவ வீட்டு அம்மாங்க வர வேணாம்னு இவங்களே சொல்லிட்டாங்க. அண்டா பத்தலன்னு பேச்சு வந்தப்ப, என் கிளாஸ் முஸ்லிம் பொண்ணோட அப்பா, அவரு ஆம்பூர் பக்கம் கல்யாணத்துக்கெல்லாம் பிரியாணி போடற மாஸ்டர், ரெண்டு அண்டாவ பைக்ல கட்டிகினு வந்து எறக்கினாரு, எறக்கிட்டு, "26-ம் தேதி காலைல நானே வந்து குஸ்கா போட்டுத் தரேன்"னாரு. "காலங்காத்தால குஸ்காவா பாய்"னு சிஸ்டர் கேட்டாங்க. "பசங்கள கேளுங்க சிஸ்டர்"னாரு. நான் கிளாஸ் கிளாஸா போயி, யாரு வீட்ல காலைல ஆளு இருக்காது, யாரு வருவாங்கன்னு கேட்டு லிஸ்ட் எழுதி அக்கா கைல குடுத்தேன், ஒண்ணாங்கிளாஸ்ல ரெண்டு பேருக்கு காரம் ஆகாதுன்னு பேருக்குப் பக்கத்துல குறிச்சு.